ஊட்டிக் கதைக்கு ஊட்டியில் திரை இல்லை

சிறுமிகளைக் கடத்திக் கொன்றவள் என்று முத்திரை குத்தி மூடப்பட்ட 2004-ஆம் ஆண்டு வழக்கு. ஊட்டியில் ‘பெட்டிஷன்’ பெத்துராஜும் அவர் மகள் வெண்பாவும் அதைப் பல ஆண்டுகள் கழித்துக் கிளறுகிறார்கள். இது ‘பொன்மகள் வந்தாள்’ படத்தின் கதை. அதில் ஜோதிகாவைச் சுற்றி பாக்யராஜ், பார்த்திபன், பாண்டியராஜன், தியாகராஜன், பிரதாப் போத்தன் என்று ஐந்து இயக்குநர்கள் நடித்திருந்தார்கள். அந்த விநோதம் பெரிதாக எடுபடவில்லை. படம் எங்கே வெளியாகிறது என்பதுதான் ஊர்ப்பேச்சு.

கொரோனாவால் 2020 மார்ச்சில் தியேட்டர்கள் மூடின. படம் மே 29 அன்று நேராக அமேசான் பிரைமுக்குப் போனது. அறிவிப்பு வந்த ஏப்ரலிலேயே தியேட்டர் உரிமையாளர் சங்கம் கொதித்தது: படத்தைத் தயாரித்த சூர்யாவின் 2டி நிறுவனப் படங்களுக்கு இனித் திரை கிடையாது.

ஏன் இவ்வளவு கோபம்? தமிழ்ப் படம் ஏரியா ஏரியாவாக விலைபோகும். நீலகிரி, கோவை ஏரியாவில் அடக்கம். விநியோகஸ்தர் மினிமம் கேரண்டியோ அட்வான்ஸோ கொடுத்துப் படத்தை எடுப்பார். தியேட்டருக்கு வசூலில் பங்கு. ‘முதலில் இங்கேதான்’ என்ற ஒன்றை நம்பியே இந்த மொத்தச் சங்கிலியும் ஓடுகிறது. அது போனால், குளிரில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இரவுக் காட்சிக்கு எவர் கிளம்புவார்? தயாரிப்பாளருக்கோ வேறு கவலை. முடிந்த படம் முடங்கிக் கிடந்தாலும் ஃபைனான்ஸ் வட்டி ஓடும். ஓடிடி மொத்தமாக ஒரு தொகை தந்துவிடும். கோபம் நியாயமானதுதான். ஆனால், பூட்டிக் கிடந்த தியேட்டரில் இடம் தரமாட்டோம் என்றது என்ன மிரட்டல்?

சண்டை புதிதல்ல. 2013-இல் ‘விஸ்வரூப’த்தை டிடிஎச்சில் முன்கூட்டியே காட்டக் கமல்ஹாசன் முயன்று, எதிர்ப்பால் கைவிட்டார். 2015-இல் சேரன் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’யை டிவிடியாக வீடுகளுக்கே கொண்டுபோனார். அந்த வழி நிலைக்கவில்லை.

2020 நவம்பர் 10 முதல் தமிழகத்தில் தியேட்டர்களைத் திறக்க அனுமதி கிடைத்தது. இரண்டே நாளில் சூர்யாவின் ‘சூரரைப் போற்று’ம் பிரைமில்தான் வந்தது. தடை என்ன ஆயிற்று? 2022 ஆகஸ்டில் அதே 2டி தயாரித்த ‘விருமன்’ தியேட்டர்களில் ஓடியது.

இப்போதைய தகராறு, எத்தனை வாரம் கழித்து ஓடிடி என்பதில். 2021 ஜனவரி 13-இல் வந்த ‘மாஸ்டர்’ 29-ஆம் தேதியே பிரைமுக்கு வந்துவிட்டது. 2023-இல் ‘லியோ’ நான்கு வார இடைவெளிக்கு ஒப்பந்தம் போட்டிருந்தது; எட்டு வாரம் கேட்ட பெரிய மல்டிபிளெக்ஸ்கள் அதன் இந்திப் பதிப்பைத் திரையிடவே இல்லை.