தாத்தா நாற்காலிக்கு உப்புத்தாள் போடும் முன்… உங்களுக்குத் தெரியுமா?

தாத்தாவின் சாய்வு நாற்காலியில் மின்னுவது மரம் இல்லை, ஒரு பூச்சியின் பிசின். புரசு, இலந்தை, குசும் மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அரக்குப் பூச்சி தன்னைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் கூடுதான் அரக்கு. அதைச் சுரண்டி, சுத்தம் செய்து, மெல்லிய சில்லுகளாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொதியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவதற்குத்தான் பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர். பெயர்தான் பிரெஞ்சு, அரக்கு அதிகம் விளைவது நம் ஜார்க்கண்டில். ராஞ்சியில் அரக்குக்கென்றே 1924-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். பழைய 78 சுற்று இசைத்தட்டுகளிலும் இதே அரக்குதான். தாத்தா சாய்ந்திருந்ததிலும் கேட்டதிலும் அதே பூச்சியின் கைங்கரியம்!

பாலிஷ் அரக்குதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இருக்கைக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில், ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னரில் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லையா, பிற்காலத்தில் யாரோ பாலியூரித்தேன் அடித்திருக்கலாம். இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் வேலையைத் தொடங்கும் பாலிஷ்காரரை நான் நம்பமாட்டேன். காரணம் இருக்கிறது: அரக்கு என்றால் பெரும்பாலும் சுரண்டவே வேண்டாம். புதுப்பூச்சிலுள்ள ஸ்பிரிட் பழைய பூச்சை இளக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே படலமாகிவிடும். அழுக்கைத் துடைத்துவிட்டு மேலே சில கை ஏற்றினால் போதும்.

காப்பி டம்ளர் விட்டுப்போன வெள்ளை வளையம் மரத்தில் இல்லை. பாலிஷுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் அது. ஸ்பிரிட்டில் பட்டும்படாமலும் நனைத்த துணியால் லேசாக வீசித் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். கறுப்பு வளையம் என்றால் சங்கதி வேறு. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உள்ளே இறங்கிய கறை. ஆக்ஸாலிக் அமிலத்தைக் கையாளத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

“புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன் சார்” என்று யாராவது சொன்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுங்கள். தேக்கின் அந்த நிறம் வெளிச்சமும் காற்றும் கைபட்ட எண்ணெயும் பல பத்தாண்டுகள் கூடிச் செய்தது. அது மேல்தோலோடு சரி. மெஷின் உப்புத்தாளுக்கு அரைமணி வேலை. பெயின்ட் அடித்த சாமான் என்றால் அந்தத் தூளே ஆபத்து. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்; நம் நாட்டில் 90 பிபிஎம் உச்சவரம்பு 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் உலர்ந்த பெயின்ட்டைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

மூட்டு ஆடுகிறதா? ஆணி அடிக்காதீர்கள். ஃபெவிகால் சந்தைக்கு வந்ததே 1959-இல். அதற்கு முன்பு தச்சர்கள் ஒட்டியது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தால். வெந்நீரும் ஆவியும் பட்டால் அது இளகும். கட்டையைப் பிளக்காமலே மூட்டைக் கழற்றிவிடலாம். பழையதை நன்றாகக் கழுவி எடுத்த பிறகே புதுப்பசை. வச்சிரத்தின் மேல் வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது.

திருகாணித் தலையையும் பாருங்கள். ஸ்டார் தலைக்கு அமெரிக்காவில் பிலிப்ஸ் காப்புரிமை பெற்றது 1936-இல். “1920-ல கொள்ளுத்தாத்தா செய்யச் சொன்னது” என்று பெருமை பேசும் பீரோவில் ஸ்டார் தலை இருந்தால், கதை கொஞ்சம் நீண்டிருக்கிறது, அல்லது இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

வட்ட மேசையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். வயதான மேசை பெரும்பாலும் வட்டமாக இருக்காது! மரம் ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம் சுருங்கும்.

குண்டூசித் தலை அளவிலான துளைகள் பூச்சி நுழைந்த வழி இல்லை, வெளியேறிய வழி. புழுவாக உள்ளே தின்று, வண்டாகிப் பறந்தபின் மிஞ்சிய வாசல். அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் கவனியுங்கள்; புதிதாக மாவு கொட்டினால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறது. அதற்கு வேண்டியது வெள்ளைப் பகுதியிலுள்ள மாச்சத்து. வைரம் பாய்ந்த தேக்கை அது சீந்துவதில்லை.

தொய்ந்த பிரம்பு இருக்கையில் பின்னல் அறாமல் இருந்தால், அடிப்பக்கம் ஈரத்துணி வைத்து நனைத்து நிழலில் காயவிடுங்கள், இறுகும். மேல்பக்கம் பளபளப்பான தோல், அது தண்ணீர் குடிக்காது. அறுந்திருந்தால் பின்னுபவரைத் தேடத்தான் வேண்டும். நெடுங்காலமாகப் பார்வையற்றோருக்குக் கற்றுத்தரப்படும் கைத்தொழில் இது. இழுப்பு சரியா என்பதை விரலே சொல்லிவிடும்.

தேங்காயெண்ணெய் தேய்க்காதீர்கள். அது காயாது; பிசுக்காகி ஊர்த் தூசியையெல்லாம் இழுக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் காயும்போது சூடு கிளப்பும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளக்கூடும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பேரனுக்கு அனுப்பப் போகிறீர்களா? 100 ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. ஈட்டி மரம் என்றால் இன்னொரு சிக்கல்: 2017 முதல் அந்த மரப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. வயதில் சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு, அப்புறம் பேக்கிங் ஆளைக் கூப்பிடுங்கள்.