வந்தவர்களுக்கு வழி சொல்லும் கரை: பிரம்மதேசம் முதல் ஆரோவில் வரை

மொபைல் மேப்பில் 'பிரம்மதேசம்' என்று தேடினால் தலை சுற்றும். அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று, செய்யாறு பக்கம் ஒன்று, விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே எண்ணாயிரம் அருகில் ஒன்று. இங்கே சொல்லப்போவது திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கும் பிரம்மதேசம். அங்கிருந்து கிழக்கே போனால் உப்பளங்கள், அதையும் தாண்டினால் கடல்.

ஒரே பெயர் இத்தனை ஊர்களுக்கு அமைந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் அரசர்கள் அந்தணர்களுக்குக் கொடையாக அளித்த ஊர்களை 'பிரமதேயம்' என்றார்கள். எங்கிருந்தோ வந்தவர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர்கள் இவற்றில் ஏராளம். அதாவது, ஊர்ப் பெயரிலேயே ஒரு குடியேற்றக் கதை இருக்கிறது.

அந்தக் கதை பிரம்மதேசத்தோடு முடியவில்லை. புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட கரைக்கு 2,000 ஆண்டுகளாக வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். வணிகர்கள், படை வீரர்கள், தாவரம் தேடியவர்கள், அகதிகள், புது நகரம் கட்ட வந்தவர்கள் எனப் பலர். சிலர் வந்த சுவடு தெரியாமல் போனார்கள். சிலர் இந்த ஊர்க்காரர்களாகவே ஆனார்கள். இன்று வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளிநாடு போய், புது ஊரில் எங்கே தொடங்குவது என்று விழிப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தில் ஒரு பாடம் இருக்கிறது.

ஊர் சுற்றிக்காட்டும் பழைய வழிகாட்டி

இந்தப் பகுதிக்கு முதல் பயண வழிகாட்டியை எழுதியவர் ஒரு சங்கப் புலவர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, பத்துப்பாட்டில் ஒன்று. மொத்தம் 269 அடிகள். ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு, 'இந்த வழியாகப் போ' என்று சொல்வதுதான் பாட்டு.

அந்த வழியில் முதலில் வருவது கடலோர எயிற்பட்டினம். அது இன்றைய மரக்காணம் என்பது பல அறிஞர்களின் கருத்து. அடுத்து வேலூர். உப்பளப் பக்கத்து உப்புவேலூரை அதோடு பொருத்திச் சொல்கிறார்கள். பிறகு ஆமூர், கடைசியில் கிடங்கில். கிடங்கில் இன்றைக்குத் திண்டிவனத்தோடு ஒட்டியே இருக்கிறது.

நத்தத்தனார் கட்டடங்களைப் பட்டியல் போடவில்லை. எந்த ஊரில் யார் இருக்கிறார்கள், வாசலில் போய் நின்றால் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்கிறார். கடற்கரையில் பரதவர் வீட்டில் சுட்ட குழல்மீன். முல்லை நிலத்தில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். வயல்வெளி ஊரில் உலக்கையால் குத்திய அரிசிச் சோறும் நண்டும். கடல் அலை ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள் கரையில் கிடப்பது, ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவதுபோல இருக்கிறது என்றும் எழுதுகிறார். ஒட்டகத்தைப் பற்றித் தெரிந்த ஊர் என்றால், அதற்கு வெளியுலகத் தொடர்பு இருந்திருக்க வேண்டும்.

புது ஊரைப் பார்க்கும் முறைக்கு இதைவிட எளிய சூத்திரம் இல்லை. நிலம் எப்படி, அங்கே வேலை செய்பவர் யார், அவர் வீட்டில் என்ன சமைக்கிறார்கள்? இந்த மூன்றும் தெரிந்தால் ஊர் பிடிபட்டுவிடும்.

வந்தார்கள், போனார்கள்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரேயன் கடல் பெரிப்ளஸ்' என்ற கிரேக்க நூல், தமிழகக் கிழக்குக் கரையில் கமரா, பொதுகா, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது. பொதுகா புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேடு என்றும், சோபட்மா மரக்காணம் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய வணிகத்தின் தடயங்கள் வெளிவந்தன.

மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கம் அருகே கடலைப் பார்த்து நிற்கிறது ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்தின் கடைசியில் கட்டப்பட்டது. 1750-ல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்துச் சிதைத்தார்கள். அதே ஆண்டில், திண்டிவனம் - மரக்காணம் சாலையோரம் உள்ள பெருமுக்கல் மலைக்கோட்டையையும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பறித்தார்கள். ஆங்கிலேயர் ஆவணங்களில் அந்த மலைக்குப் 'பெர்மகோயில்' என்று பெயர்.

சண்டைக்கு வந்தவர்களுக்கு இந்தக் கரை ஒரு துறைமுகம், ஒரு குன்று, ஒரு வரிவசூல் கணக்கு. ஆலம்பரையில் இன்று மிஞ்சியிருப்பது செங்கல் சுவர்கள் மட்டுமே. பெருமுக்கலில் கோட்டைக்கும் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தைய மனிதர்கள் பாறையில் கீறிய கோட்டுருவங்கள் இருக்கின்றன.

மண் கொண்டுவந்தவர்கள்

1968 பிப்ரவரி 28. புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேட்டில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண்ணைத் தாமரை மொட்டு வடிவப் பளிங்குக் கலசத்தில் இட்டார்கள். ஆரோவில் தொடங்கியது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் வரைந்த திட்டப்படி, அது 50,000 பேர் வாழும் நகரமாக வேண்டும்.

ஆனால், எங்கெங்கிருந்தோ மண் கொண்டுவந்து சேர்த்த அந்த இடத்தின் சொந்த மண், ஒவ்வொரு மழையிலும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மரங்கள் வெட்டப்பட்டு, பல காலம் வெயிலில் காய்ந்த மேடு அது. மழை பெய்தால் தண்ணீர் நிற்காது. செம்மண்ணை அறுத்துக்கொண்டு பள்ளங்கள் வழியே இறங்கும். வந்தவர்களுக்கு முதல் பிரச்னை நகரம் இல்லை, நிழலும் தண்ணீரும்தான்.

ஆரம்பத்தில், எது சீக்கிரம் வளருமோ அதை நட்டார்கள். ஆஸ்திரேலிய அக்கேசியா அப்படி வந்த மரம். அது நிழல் தந்தது, இலை உதிர்த்து மண்ணைக் கொஞ்சம் தேற்றியது. ஆனால், இந்த மண்ணுக்கே உரிய காடு எது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பதில் அக்கம்பக்கத்துக் கிராமங்களில் இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிய கீழ்புதுப்பட்டு அய்யனார் கோயில் காடு அவற்றில் முக்கியமானது. 'சாமி காட்டில் கை வைக்கக் கூடாது' என்ற பயபக்தியால், சுற்றிலும் எல்லாம் போன பிறகும் அங்கே பழைய மரங்கள் தப்பியிருந்தன. வீரை, காயா, பாலை, கருங்காலி போன்றவை இந்தக் கரையோரத்தின் உலர் பசுமைமாறாக் காட்டுக்கு உரியவை. மழை குறைவாக இருந்தாலும் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் காடு அது. காடு வளர்க்க வந்தவர்கள் கோயில் காடுகளைத் தேடித் தேடிப் போனார்கள். விதை எடுத்தார்கள். எந்த மரத்துக்கு என்ன பெயர், எந்த இலை எந்த நோய்க்கு ஆகும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டார்கள்.

கூடவே, மழைத் தண்ணீரை மறிக்க வரப்புகள் எழுந்தன. இதில் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, கோட்டக்கரை போன்ற கிராமத்து மக்களின் உழைப்பு பெரியது. மண் வெட்டியதும், குழி தோண்டியதும், கன்றுக்குத் தண்ணீர் சுமந்ததும் பெரும்பாலும் அந்தக் கைகள்தான். வெளிநாட்டினர் வந்து காடு வளர்த்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லும்போது இந்தப் பாதிக் கதை விட்டுப்போகிறது.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜாஸ் புரூக்ஸ் 1970-களில் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு, இந்தத் தேடலுக்கு நல்ல உதாரணம். அங்கே மூலிகைச் செடிகளும் உள்நாட்டு மரங்களும் சேகரிக்கப்பட்டன. மரக்காணம் அருகே நடுக்குப்பத்திலும் அவர்களின் பணி விரிந்தது. பிறகு, சென்னையில் குப்பைமேடாகக் கிடந்த அடையாறு முகத்துவாரத்தின் ஒரு பகுதியைச் சீரமைக்கும் வேலையில் இந்த அறிவு பயன்பட்டது. 2011-ல் திறக்கப்பட்ட அந்த இடம்தான் தொல்காப்பியப் பூங்கா.

சித்தர் விட்ட சாபம்

ஆரோவில் அருகே உள்ள இரும்பை, தேவாரப் பாடல் பெற்ற தலம். அங்குள்ள மாகாளேஸ்வரர் கோயிலைச் சுற்றி ஒரு கதை சொல்வார்கள். தவத்தில் இருந்த கடுவெளிச் சித்தரை அரசன் சூழ்ச்சியால் எழுப்பினான். கோயிலில் ஆடிய பெண்ணின் சிலம்பு கழன்று விழ, சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டினார். ஊர் கேலி செய்தது. சித்தர் கோபத்தில் பாட, லிங்கம் வெடித்தது. ஊர் பாலையாகும் என்று சாபம் விழுந்தது. அரசன் காலில் விழுந்து கெஞ்ச, 'தொலைதூர நாடுகளிலிருந்து சிலர் வருவார்கள், அவர்களால் இந்த நிலம் மறுபடி பசுமையாகும்' என்று சித்தர் இறங்கி வந்தாராம்.

நடந்ததோ இல்லையோ, இந்தக் கதை ஒரு வேலை செய்திருக்கிறது. பேச்சு, உடை, பழக்கம் எல்லாவற்றிலும் வேறுபட்டவர்களை ஊர் தன் கதைக்குள் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது.

சேர்ந்துகொண்ட பிறகும் சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. 2021 டிசம்பரில் திட்டச் சாலைக்காக ஆரோவில்லில் மரங்கள் வெட்டப்பட்டபோது, நகரம் எழ வேண்டும் என்போரும் காடு நிற்க வேண்டும் என்போரும் எதிரெதிரே நின்றார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு காலத்தில் இந்த மரங்களின் பெயரே தெரியாமல் வந்தவர்களில் பலர், அதே மரங்களுக்காக வழக்காடும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

சுற்றிப் பார்க்க அனுமதி வேண்டியவர்கள்

அய்யனார் காடு இருக்கும் அதே கீழ்புதுப்பட்டில் இன்னொரு குடியேற்றமும் இருக்கிறது. இலங்கையில் 1983-க்குப் பிறகு மூண்ட போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களின் முகாம்.

இவர்களுக்கு மொழி புதிதில்லை, சாமி புதிதில்லை, கடலும் புதிதில்லை. ஆனால், முகாம் வாழ்க்கைக்கு விதிகள் உண்டு. கணக்கெடுப்பு நாளில் ஆள் இருக்க வேண்டும். வெளியூர் போய்த் தங்குவதென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பல ஆண்டுகள் கழிந்தும், இங்கேயே பிறந்த பிள்ளைகள் வளர்ந்த பிறகும், குடியுரிமை பலருக்குக் கேள்விக்குறிதான். 2021-ல் தமிழக அரசு, 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது.

ஒரே சாலையின் இரு பக்கமும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். ஒருவர் விரும்பி வந்தார், இன்னொருவர் வேறு வழியில்லாமல் வந்தார். நினைத்த நேரத்தில் புது ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புவது எவ்வளவு பெரிய வசதி என்பது இந்தச் சாலையில் நின்றால் புரியும்.

ஒரே மழை, மூன்று முகம்

இந்தக் கரையை இன்று முதல்முறையாகப் பார்க்கப் போகிறவர்கள், கடற்கரையிலும் பிரெஞ்சுத் தெருவிலும் செல்ஃபி எடுத்ததோடு திரும்ப வேண்டாம். மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து போய்ப் பார்க்கலாம்.

ஆரோவில் மேட்டில் மழை வந்தால் மகிழ்ச்சி. வரப்புக்குள் தேங்கி நிலத்தடிக்குப் போகும். சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீர் ஓடைகள் வழியே கழுவெளிக்குப் போய்ச் சேரும். நன்னீரும் கடல்நீரும் கலக்கும் பெரிய சதுப்பு ஏரி கழுவெளி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் இங்கே வருபவையும் வெளிநாட்டு விருந்தாளிகள்தான், வலசைப் பறவைகள்.

மரக்காணம் உப்பளத்தில் அதே மழை வந்தால் வேலை நின்றுவிடும். உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்து, அடர்த்தி ஏற்றி, கடைசிப் பாத்தியில் படியும் உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். எல்லாம் வெயில் செய்யும் வேலை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் கரைந்து போகும். அந்த மாதங்களில் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேறு கூலி வேலை தேடுவதே பாடு.

உப்பளம் பார்க்க, மழைக்காலம் போன பிறகு காலை நேரம் நல்லது. பாத்தி வரப்பு வழுக்கும், கால் பட்டால் உடையும். அதில் ஏறும் முன் அங்கே நிற்பவரிடம் கேட்டுவிட வேண்டும். அவர்கள் உச்சிவெயிலுக்கு முன்பே பெரும்பகுதி வேலையை முடித்துவிடுவார்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை பேசினால் போதும், ஊர்க் கதை தானாக வரும். வழியில் மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். மேற்கே திருவக்கரை போனால், கல்லாகிப்போன மரங்களைப் பார்க்கலாம். சுமார் 2 கோடி ஆண்டுகள் பழைமையான அவற்றை 1781-ல் முதலில் பதிவுசெய்தவரும் ஒரு வெளிநாட்டுக்காரர்தான், இயற்கையியலாளர் சொன்னரா.

துபாயோ டொராண்டோவோ சிங்கப்பூரோ, வேறு நாட்டில் போய் இறங்கியவர்களுக்கும் இந்தக் கரை சொல்வது இதுதான். முதல் மாதத்தில் கோபுரங்களையும் மால்களையும் பார்த்துவிடலாம், அவை எங்கேயும் போகாது. அந்த ஊரில் மழை எப்போது வரும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வாசலில் நிற்கும் மரத்துக்கு அங்குள்ளவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று அடுத்த வீட்டாரிடம் கேளுங்கள். கேட்கப்பட்டவருக்கு உங்கள் முகம் நினைவில் நிற்கும். அடுத்த முறை தெருவில் பார்க்கும்போது அவரே முதலில் தலையசைப்பார்.