வாத்து முட்டையிலிருந்து பிறந்தவர்களின் புத்தகம்

சந்தால் பழங்குடியினர் சொல்லும் கதையில், ஆதியில் எங்கும் தண்ணீர். பறந்து களைத்த இரண்டு வாத்துகளுக்கு இறங்க இடமில்லை. மண்புழு ஆழத்திலிருந்து மண்ணை மேலே கொண்டுவந்து ஆமையின் முதுகில் சேர்க்கிறது; பூமி உண்டாகிறது. வாத்து இட்ட முட்டைகளிலிருந்து பில்ச்சு ஹாராம், பில்ச்சு பூடி என்ற முதல் ஆணும் பெண்ணும் வருகிறார்கள்.

தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்த இந்தக் கதையை 2013-ல் குழந்தைகளுக்கான படப் புத்தகங்களாக்கினார் ரூபி ஹெம்ப்ரம். இவரும் சந்தால்தான். அப்பா திமோதியாஸ் ஹெம்ப்ரம், சந்தால் படைப்புக் கதைகளை ஆராய்ந்து நூல் எழுதியவர். சட்டம் படித்த ரூபி, 2012-ல் கொல்கத்தாவில் பதிப்புத் தொழில் பயிற்சியில் சேர்ந்தார். ஆதிவாசிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறைய இருக்க, எழுதும் ஆதிவாசியின் பெயர் அங்கே காதில் விழவே இல்லை. அந்த ஆண்டே 'ஆதிவாணி' பதிப்பகத்தைத் தொடங்கினார்.

எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது 'ஹூல்' எனப்படும் சந்தால் கிளர்ச்சியைப் பற்றி 2014-ல் வந்த 'திசாய்போன் ஹூல்'. 1855 ஜூன் 30 அன்று, இன்றைய ஜார்க்கண்டின் போக்னாடீ கிராமத்தில் சிதோ, கானு சகோதரர்களின் அழைப்பில் ஆயிரக்கணக்கான சந்தால்கள் திரண்டார்கள். காட்டைத் திருத்தி வயலாக்கியவர்கள் அவர்கள். ஆனால் விளைச்சலை ஜமீன்தாரும் வட்டிக்காரரும் கொண்டுபோனார்கள், கிழக்கிந்தியக் கம்பெனி அரசோ ஜமீன்தாருக்கும் வட்டிக்காரருக்கும் துணை நின்றது. சிப்பாய்ப் புரட்சிக்கு இரண்டு ஆண்டு முன்பே, வில்லும் அம்புமாகத் துப்பாக்கிகளை எதிர்த்து நின்றார்கள் சந்தால்கள், ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். பாடநூல்களில் இது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. இந்தப் புத்தகத்திலோ எழுதியவரும் சந்தால், படம் வரைந்த சாகேப் ராம் டுடுவும் சந்தால். ஒரு சந்தால் குழந்தை தன் பாட்டன் பூட்டனை இதில் பார்க்கிறது.

ஆதிவாணியின் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. தாய்மொழியில் ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றும். 2011 கணக்கெடுப்பின்படி சந்தாலி பேசுவோர் 73 லட்சத்துக்கும் மேல். ரகுநாத் முர்மு 1925-ல் உருவாக்கிய ஓல் சிக்கி எழுத்தும் இருக்கிறது. 2003-ல் திருத்தப்பட்ட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சந்தாலியும் சேர்ந்தது. ஆனால் அந்த மொழியே தேவநாகரி, வங்காளி, ஒடியா, ரோமன் எழுத்துகளிலும் எழுதப்படுகிறது. எந்த எழுத்தில் அச்சிட்டாலும் இன்னொரு மாநிலத்துச் சந்தால் குழந்தைக்கு அது எட்டாமல் போகலாம். வண்ணப் படப் புத்தகத்தை ஐந்து எழுத்திலும் அச்சிடச் சிறு பதிப்பகத்தால் முடியாது. ஆனாலும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது வீட்டு மொழிதான். அந்தச் செலவை மாநில அரசுகள் ஏற்பதே நியாயம்.

ஜூன் 30 ஆண்டுதோறும் ஹூல் நாள். பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்களே, அடுத்த பட்டியலில் இந்த நூல்களையும் சேருங்கள்.