தண்டிக்கும் கடவுளா? இரங்கும் கடவுளா?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் கடல் பொங்கி நம் கரையைத் தாக்கியது. கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவர் ஊர்கள் உருக்குலைந்தன. வேளாங்கண்ணியில் மாதாவைத் தரிசிக்க வந்திருந்த யாத்திரிகர் பலரும் மாண்டனர். இன்று படிக்கும் நாம் அப்போது பிறக்கவில்லை. ஆயினும் அன்று எழுந்த ஒரு கேள்வி இன்னும் ஓயவில்லை: "யார் செய்த பாவத்துக்கு இந்தத் தண்டனை?" பிள்ளையைக் கடலில் பறிகொடுத்த தாயின் நெஞ்சில் இக்கேள்வி எப்படித் தைக்கும்! ஆகவேதான் வேதாகமம் இதற்கு என்ன சொல்கிறது என்று ஆராய விரும்பினேன்.

முதலில் நடந்ததை அறிவோம். அன்று காலை சுமார் 6.30 மணிக்குச் சுமத்திரா தீவுக்கு அருகே கடலடியில் பூமித்தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் நழுவியது. கடலடி உயர்ந்தது; அதனால் மேலிருந்த நீர் பேரலையாகப் புறப்பட்டது. அந்த அலை நல்லவர் வீடு, தீயவர் வீடு என்று பார்க்கவில்லை.

வேதாகமத்தில் தண்டனை இல்லையா? உண்டு. நோவா காலத்து வெள்ளமும், சோதோமின் அழிவும் நாம் அறிந்தவையே. ஆனால் அதே நூலில் வெள்ளத்துக்குப்பின் வானவில் உடன்படிக்கையின் அடையாளமாகத் தோன்றுகிறது. சோதோமுக்காக ஆபிரகாம் மன்றாடுகிறார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் என்று தொடங்கிப் பத்து வரை குறைத்துக் கேட்கிறார். ஆண்டவரும் ஒவ்வொரு முறையும் இசைகிறார்.

இறைவாக்கினர் யோனாவின் வரலாறு இன்னும் சிந்திக்கத்தக்கது. நாற்பது நாளில் நினிவே அழியும் என்று அவர் எச்சரித்தார். மக்கள் மனந்திரும்பினர், நகரம் தப்பியது. யோனாவுக்கோ கோபம்! அக்கோபத்தை நாம் எளிதில் பழித்துவிடக் கூடாது. நினிவே, யோனாவின் மக்களை நசுக்கிய அசீரியரின் நகரம். கொடுமைக்கு உள்ளானவர் நீதி கேட்பது இயல்பே. கடவுள் யோனாவைக் கடிந்து தள்ளாமல், வாடிப்போன ஒரு செடியைக் காட்டி, 1,20,000-க்கும் அதிகமான மக்கள் வாழும் நகருக்காகத் தாம் இரங்கக் கூடாதா என்று கேட்கிறார். எச்சரிக்கை அழிப்பதற்காக அன்று, காப்பதற்காகவே என்பது இங்கே விளங்குகிறது.

1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், சகல புனிதர் திருநாளன்று, போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் நிலநடுக்கமும் கடல் அலையும் தீயும் பெருநாசம் விளைத்தன. கோயில்களில் திருப்பலி கண்டுகொண்டிருந்தவர்களே பலர் மடிந்தனர். மலகிரிடா என்ற சேசு சபைக் குரு, அது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று எழுதினார்.

ஆனால் இயேசு பெருமான் கூறியது வேறு. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதை, லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் அவரே எடுத்துக்காட்டுகிறார். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்கிறார். உடனே, கேட்டு நின்றவர்களை மனந்திரும்பச் சொல்கிறார். அதாவது, இறந்தவரின் கணக்கைப் பார்க்க நமக்கு உரிமையில்லை. நம் கணக்கைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அதைத் தொடர்ந்து வருவது காய்க்காத அத்திமரத்தின் உவமை. மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ, கொத்தி எருவிட இன்னும் ஓராண்டு கேட்கிறார். நீதியும் இரக்கமும் இங்கே ஒன்றையொன்று சந்திக்கின்றன. கனி வேண்டும் என்பது நீதி; காலம் தருவது இரக்கம். நீதி இல்லையேல் எளியவருக்குத் துணையில்லை. இரக்கம் இல்லையேல் நம்மில் எவரும் நிற்க முடியாது.

2004இல் நிலம் அதிர்ந்த பின் அலை இங்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆயினும் நம் மீனவர்களை எச்சரிக்க ஏற்பாடு இல்லை. 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. இதுவும் அத்திமரத்துக்கு எருவிடும் பணி போன்றதே என்பேன்.

ஆகவே தோழியரே, துன்புற்றவரைக் கண்டால் "என்ன பாவம் செய்தாரோ" என்று கேளாதிருப்போம். "நான் என்ன செய்யலாம்?" என்று நம்மையே கேட்போம். நமக்குக் கிடைத்துள்ள காலம் அதற்காகவே.