அசெரோ (காளான் பேரினம்)

அசெரோ என்பது ஃபல்லேசியே குடும்பத்தைச் சேர்ந்த துர்நாற்றக் காளான்களின் ஒரு பேரினமாகும். இதில் உள்ள இனங்கள் மிகச் சில. அவற்றுள் நன்கு அறியப்பட்டது அசெரோ ரூப்ரா. செந்நிறக் கைகளை விரித்து நிற்கும் இதை முதன்முறை பார்ப்பவருக்குக் கடற்சாமந்தியின் உருவமே நினைவுக்கு வரும். அருவருப்பு, சாறு என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து அமைந்த பெயர் இது. பெயரிட்டவர் மூக்கைப் பொத்திக்கொண்டே இட்டிருப்பார் போலும்.

அவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் ஜாக் லாபிலார்டியேர். காணாமற்போன லா பெரூஸ் என்ற மாலுமியைத் தேடிச் சென்ற கப்பலில் பயணம் செய்த அவர், 1792ஆம் ஆண்டு தாஸ்மானியாவில் இதைச் சேகரித்து, 1800இல் விவரித்தார். ஆஸ்திரேலிய மண்ணுக்குரிய பூஞ்சைகளுள் முறைப்படி விவரிக்கப்பட்ட முதல் பூஞ்சை இதுவே.

இக்காளான் மட்கிய இலை, மரத்தூள், புல்தரை ஆகியவற்றில் வளர்கிறது. முதலில் மண்ணில் பாதி புதைந்த வெண்ணிற முட்டை போலத் தோன்றும். அதை நறுக்கினால் வழுவழுப்பான கூழ் உறைக்குள் தண்டும் கைகளும் மடிந்து கிடப்பதைக் காணலாம். வித்துகளும் முட்டைக்குள்ளேயே முதிர்ந்துவிடுகின்றன. பின்னர் கடற்பஞ்சு போன்ற தண்டு நீண்டு உறையைக் கிழித்துக்கொண்டு சில மணி நேரத்தில் வெளிவருகிறது. உச்சியில் ஒரு தட்டும், அதைச் சுற்றி நுனி இரண்டாகப் பிளந்த கைகளும் இருக்கும். தட்டின் மேல் பழுப்புக் குழம்பு படிந்திருக்கும். அழுகிய இறைச்சியின் நாற்றம் அதிலிருந்தே வருகிறது.

குடைக்காளான்கள் தம் வித்துகளைக் காற்றில் உதிர்க்கின்றன. அசெரோவின் வித்துகளோ ஈரக் குழம்பில் ஒட்டியிருப்பதால் காற்றுக்கு அகப்படுவதில்லை. நாற்றத்தை நாடி வரும் ஈக்கள் குழம்பை உண்டு, காலிலும் குடலிலுமாக அவற்றை வேறிடம் கொண்டுசெல்கின்றன. நாற்றம் இல்லையேல் இக்காளானுக்கு அடுத்த தலைமுறை இல்லை.

நமக்கு அருகில் இப்பேரினம் இலங்கையில் காணப்படுகிறது. அங்கிருந்து அனுப்பப்பட்ட மாதிரியைக் கொண்டு இங்கிலாந்தின் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி அதற்கு அசெரோ சைலானிக்கா என்று தனிப்பெயர் சூட்டினார். இத்தகைய காளான்களில் இது ஒரு பெரும் சிக்கல். உலர்ந்ததும் நிறமும் வடிவமும் போய்ச் சுருங்கிய தோல் மட்டுமே மிஞ்சும். அதைக் கண்டு புது இனம் எனக் கருதிவிடுவது எளிது. 1905இல் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் பணியேற்ற தாமஸ் பெட்ச், இலங்கையின் துர்நாற்றக் காளான்களைப் பற்றி 1908இல் விரிவான ஆய்வுரை வெளியிட்டார். முன்னோர் பெயரிட்ட பூஞ்சைகள் பலவற்றை அவர் மறுஆய்வு செய்தார். அசெரோ சைலானிக்கா இன்று அசெரோ ரூப்ராவின் வேறு பெயராகவே கொள்ளப்படுகிறது.