40 மில்லிமீட்டரும் 10 மில்லிமீட்டரும்

பெரிய ஹெட்ஃபோனில் ஒலி எழுப்பும் டிரைவரின் குறுக்களவு பெரும்பாலும் 40 மி.மீ. காதுக்குள் செருகும் ஐ.இ.எம். வகையில் 10 மி.மீ. பரவலாகக் கிடைக்கிறது. பரப்பளவாகப் போட்டுப் பார்த்தால் முதலாவது 1,257 சதுர மி.மீ., இரண்டாவது வெறும் 79. பதினாறு மடங்கு வித்தியாசம். "இத்தனூண்டு சாமான்ல அந்த பேஸ் வருமா?" என்று என்னிடம் கேட்காத நண்பர் இல்லை.

வரும். காதுக்குழாயை ஐ.இ.எம்.மின் நுனியிலுள்ள டிப் அடைத்துக்கொண்டபின் உள்ளே சிக்கும் காற்று, செவிப்பறையின் நெகிழ்வையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் ஒன்றரை கன சென்டிமீட்டர். ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தச் சிறு காற்றில் 100 டெசிபல் அழுத்தம் உண்டாக்க அந்த 10 மி.மீ. சவ்வு ஒரு மைக்ரான்கூட நகர வேண்டியதில்லை. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். காற்று வெளியேற வழி இல்லாததால் 200 ஹெர்ட்ஸானாலும் 20 ஹெர்ட்ஸானாலும் அதே நகர்வு போதும். முதுகு திறந்த ஹெட்ஃபோனுக்கு அந்த வசதி கிடையாது. 2003இல் வந்த சென்ஹைசர் எச்டி 650 இன்றும் பலருக்கு அளவுகோல். அதிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெல்லச் சரியத் தொடங்கிவிடும்.

இது நம் கச்சேரிக்கு நேரடியாகப் பொருந்தும் கணக்கு. ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகருக்கு ஆதார ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர ஸட்ஜம் அதில் பாதி, 65. அந்தக் கம்பியின் அடிநாதம் ஐ.இ.எம்.மில் முழுசாக வந்து உட்காரும். ஹெட்ஃபோனில் அது கொஞ்சம் இளைத்துத்தான் வரும்.

ஆனால் இதெல்லாம் அடைப்பு சரியாக இருந்தால்தான். என் இடது காதுத் துளை வலதைவிடச் சற்றுப் பெரிது. இரண்டு பக்கமும் நடுத்தர அளவு டிப் போட்டுக்கொண்டு ஒரு வருடம் கேட்டேன். மிருதங்கத்தில் பேஸ் தரும் தொப்பி எப்போதும் வலப்பக்கமே சாய்ந்து ஒலித்தது. பதிவே அப்படி என்று நினைத்திருந்தேன். இடது பக்கத்துக்குப் பெரிய டிப் மாற்றிய நிமிடமே தொப்பி நடுவுக்கு வந்துவிட்டது. அதற்கு முன் அந்த ஐ.இ.எம்.மைப் பற்றி நான் சொன்ன குறைகள் எல்லாம் ஒரு ரப்பர் துண்டைப் பற்றிய குறைகள்தான்.

செருகும் ஆழத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காதுக்குழாயின் நீளம் சுமார் 25 மி.மீ. திறந்திருக்கும்போது அதன் இயற்கை ஒத்ததிர்வு 3,400 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். பிறந்த நாளிலிருந்து நம் மூளை அதற்குப் பழகியிருக்கிறது. குழாயின் வாயை டிப்பால் அடைத்துவிட்டால் மிச்சமிருப்பது 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒத்ததிர்வு 8,500 ஹெர்ட்ஸுக்குத் தாவிவிடும். இன்னும் 3 மி.மீ. உள்ளே தள்ளினால் 10,000. 'ஸ', 'ஷ' ஒலிகள் காதைக் குத்துகின்றன என்று கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள், அதற்குமுன் இன்னும் 3 மி.மீ. தள்ளிப் பார்க்க வேண்டும்.

ஹெட்ஃபோனின் ஒலி காதுமடலின் மடிப்புகளில் பட்டுத்தான் உள்ளே போகிறது. அதனால் உங்கள் காதின் வடிவம் அதில் தானாகக் கலக்கிறது. ஐ.இ.எம். மடலைத் தாண்டிப் போய்விடுவதால், காணாமல்போனதை ஒரு சராசரிக் காதை வைத்துத் தயாரிப்பாளர் ஈடுகட்டுகிறார். ஷான் ஓலிவ் குழுவினர் ஹார்மன் நிறுவனத்தில் கேட்போரை உட்கார வைத்துச் சோதித்து இரண்டு வகைக்கும் தனித்தனி இலக்குக்கோடு வரைந்தார்கள். காதுக்குள் போகும் வகைக்கு பேஸ் சில டெசிபல் கூடுதலாக இருக்கிறது. குரல் தலைக்குள் ஒட்டிக்கொள்ளாமல் சற்று முன்னால் நிற்பதுபோல் இருப்பது ஹெட்ஃபோனில்தான். இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு எப்போதும் பெரியதற்கே.

மற்றபடி "ஹெட்ஃபோனில் நுணுக்கம் அதிகம்" என்ற பேச்சில் பெரும்பங்கு, கேட்கும் இடத்தின் கணக்கு. கைபேசிச் செயலியில் பார்த்தேன்: இரவு என் அறை, மின்விசிறியோடு 45 டெசிபல்; காலைப் பேருந்து 80. அறையில் 70 டெசிபலில் பாட்டுக் கேட்டால் சத்தத்துக்கும் பாட்டுக்கும் இடைவெளி 25. பேருந்தில் திறந்த ஹெட்ஃபோனில் 85க்கு ஏற்றினாலும் இடைவெளி 5தான். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது; ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 85இல் கேட்டால் வாரத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம்தான். ஐ.இ.எம். போட்டால்? ஷூர் எஸ்இ215க்குத் தயாரிப்பாளர் சொல்வது 37 டெசிபல் வரை தடுப்பு. நான் 20 மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உள்ளே வருவது 60, பாட்டு 72, இடைவெளி 12. ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே அறையில், ஒரே இரவில், ஒரே ஒலியளவில் கேளுங்கள். ஒரு டெசிபல் கூடினாலே காதுக்கு அது "நல்ல சவுண்டு" ஆகிவிடும். நான் அப்படிக் கேட்டபோது வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிட்டது.

அடுத்தது, தனி ஆம்ப் வேண்டுமா என்ற கேள்வி. சராசரி 75 டெசிபலில் கேட்டு, உச்சங்களுக்கு 20 சேர்த்தால் 95 வேண்டும். எச்டி 650க்கு 1 வோல்ட்டில் 103 டெசிபல். ஆகவே 95க்கு 0.4 வோல்ட் போதும். எஸ்இ215க்கு (17 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 107 டெசிபல்) 0.033 வோல்ட். கைபேசியில் செருகும், 1 வோல்ட் தரும் டாங்கிள் இரண்டையும் தாங்கும். ஆனால் ஆம்ப்பில் 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருந்தால் பெரியதில் அது 3 டெசிபல், யாருக்கும் கேட்காது. சிறியதில் 25 டெசிபல். அடைத்த காதில் 'ஸ்ஸ்' என்று கேட்கும்.

இப்போது என் கைக்காசு. ஹெட்ஃபோன் 32,000 ரூபாய், பேட் இரண்டு முறை மாற்றியது 9,000, ஆம்ப் 7,000. மொத்தம் 48,000. எட்டு வருடம், வருடத்துக்கு 300 நாள், நாளுக்கு ஒன்றரை மணி, ஆக 3,600 மணி நேரம். மணிக்கு 13 ரூபாய் 33 காசு. மேலே போட்ட கணக்கை அப்போதே போட்டிருந்தால் ஆம்ப் வாங்கியிருக்க மாட்டேன். 11 ரூபாய் 39 காசில் முடிந்திருக்கும்.

ஐ.இ.எம். 8,500, ஒயர் ஒரு முறை மாற்றியது 2,400, ஃபோம் டிப் ஜோடி 175 ரூபாய் வீதம் வருடத்துக்கு நான்கு, ஐந்து வருடத்துக்கு 3,500. மொத்தம் 14,400. போக வர ஒன்றரை மணி, 2,250 மணி நேரம். மணிக்கு 6 ரூபாய் 40 காசு. இதில் 5,900 ரூபாய், அதாவது 41 சதவீதம், டிப்புக்கும் ஒயருக்கும் போனது. ஹெட்ஃபோனில் பேட்டுக்குப் போனது 19 சதவீதம்கூட இல்லை. வாங்கும் நாளில் யாரும் இந்த 41ஐ விலைச்சீட்டில் எழுதுவதில்லை.

மாதம் ஒருமுறை 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். போன மாதம் வலது பக்கம் இளைத்திருந்தது. ஃபோமை விரல்களுக்கிடையே நசுக்கி விட்டேன். பழையபடி உப்பாமல் சுருங்கியே கிடந்தது. ஜோடியை மாற்றினேன். 175 ரூபாய்.