விடை கூறும் சுவர்

ஐயமுற்றோன் ஆசானை வினவுதல் மரபு. ஆயினும், முகம் காட்டி வினவ நாணும் ஐயங்களும் உளவென்பதை மாணவப் பருவத்தைக் கடந்த நாம் நன்கறிவோம்.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பொஸ்ரன் கல்லூரியில், 1984இல் திறக்கப்பெற்ற ஓநீல் நூல்நிலையம் இதற்கு ஒரு வழி கண்டது. மாணாக்கர் தம் பெயரைக் குறியாது சிறு ஒட்டுத்தாளில் வினா எழுதிச் சுவரில் ஒட்டினர். நூலகர் ஒருவர், தாமும் மறைந்திருந்து, சுவரே பேசுவதுபோல விடை வரைந்தார். பாடம் மட்டுமன்றிக் காதலும் தனிமையும் வினாக்களாயின.

இது விளையாட்டுப்போலத் தோன்றினும் பொறுப்பு மிக்க பணியாகும். வினவியவன் யாரென அறியாமையால் அவனை அழைத்துத் தேற்றுதல் இயலாது. ஆதலின், கற்க விழைவோனுக்கு உரிய நூலையும், துயருற்றோனுக்கு உளவளத் துணையாளரை நாடும் வழியையும் எழுத்தாலேயே காட்டுதல் வேண்டும்.

இன்னுமொரு பயனும் உண்டு. ஒருவன் வினாவைப் பலர் நின்று வாசிக்கின்றனர். இத்துன்பம் தமக்கு மட்டும் உரியதன்று என உணர்கின்றனர். எழுதத் துணியாதவனும் விடை பெறுகின்றான்.

நம் கல்லூரி நூல்நிலையத்திலும் அத்தகைய சுவர் ஒன்றிற்கு இடமுண்டு என்பதே எமது எண்ணம்.